மூன்று நிமிடங்களில் என் ஆய்வைப் பொது அவையில் சொன்ன அனுபவம்

இயற்பியல் இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் நான் எடுத்துக்கொண்ட ஆய்வு, ஒரு திரவச் சொட்டு உலரும்போது அதில் மிதக்கும் நுண்துகள்கள் விளிம்பில் போய்ச் சேர்ந்து வளையமாகப் படிவதைப் பற்றியது. வாய்மொழித் தேர்வுக்கு முன்பே, அறிவியல் படிக்காதவர்களும் வந்து அமரும் பொது அவையில் இளநிலை மாணவர்கள் தங்கள் ஆய்வை எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதில் பங்கேற்கப் பெயர் கொடுத்தேன். பேச்சுக்கு 3 நிமிடங்கள், அசைவுகள் இல்லாத ஒரே ஒரு ஸ்லைடு, கையில் எந்தப் பொருளும் எடுத்துச் செல்லக் கூடாது என்பவை விதிகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் ஆய்வு மாணவர்களுக்காகத் தொடங்கிய போட்டியின் விதிகளே இவை. இப்போது பல கல்வி நிறுவனங்கள் இதே அமைப்பை இளநிலை மாணவர்களுக்கும் பயன்படுத்துகின்றன.

பெயர் கொடுத்தவுடன் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை எழுதித் தர வேண்டியிருந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் படிப்பதற்கு முன், ஆய்வு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதி வரச் சொன்னார். பல வாக்கியங்களை எழுதி அடித்த பிறகு, 'சொட்டின் விளிம்பு பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பதால் கறை வளையமாகிறது, சோப்பைப் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவு சேர்த்தால் அந்த வளையம் மெலிகிறது' என்பது நின்றது. அதன் பிறகு எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் இந்த வாக்கியத்துக்கு அது தேவையா என்று பார்த்தாலே போதுமானதாக இருந்தது. சொட்டின் ஓரம் பரப்போடு அமைக்கும் கோணமான தொடுகோணத்தை அளந்த முறையும் நுண்ணோக்கியின் விவரங்களும் இப்படித்தான் வெளியேறின. அவற்றுக்காக மாதக்கணக்கில் உழைத்திருந்ததால், விடுவதற்கு மனம் எளிதில் வரவில்லை.

மிகுந்த நேரம் எடுத்தது, எளிமைக்கும் பிழைக்கும் இடையிலான எல்லையைக் காண்பதுதான். சொட்டு உலர்ந்த இடத்தில் கறை சீராகப் பரவியிருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் அடர்ந்தும் இருப்பதைக் கண்டிராதவர்கள் குறைவு. இதன் காரணத்தைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் விளக்கினார்கள். விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ஓரத்தில்தான் நீர் மிக வேகமாக ஆவியாகிறது, அங்கே இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, அந்த ஓட்டம் துகள்களையும் இழுத்துச் செல்கிறது. இவற்றில் ஒன்றை விட்டாலும் விளக்கம் சரிந்துவிடும். 'துகள்கள் விளிம்பை நாடிச் செல்கின்றன' என்று சொன்னால் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கும் என்று வகுப்புத் தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். கேட்பதற்கு இனிமையான வாக்கியம்தான். ஆனால் அது காரணத்தை நீரோட்டத்திலிருந்து எடுத்துத் துகளிடம் கொடுத்துவிடுகிறது. அதை ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு, சோப்பு சேர்த்தால் வளையம் ஏன் மெலிய வேண்டும் என்பது எப்போதும் விளங்காது. கலைச்சொல்லை விடலாம், அளவீட்டை விடலாம், காரணச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் விடக்கூடாது என்பது அந்த விவாதத்தில் எனக்குத் தெளிவாயிற்று.

ஒத்திகைக்கு என் துறை மாணவர்களை அழைக்கவில்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் ஆய்வு மாணவி செய்த ஒரு சோதனையை வழிகாட்டி எனக்குச் சொல்லியிருந்தார். ஒருவர் எல்லோரும் அறிந்த பாடலின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட, மற்றவர் அது எந்தப் பாடல் என்று சொல்ல வேண்டும். பாதியளவு பாடல்களாவது கண்டுபிடிக்கப்படும் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள்; ஆனால் தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டியவரின் மனத்தில் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்டவருக்கு வெறும் தட்டொலி மட்டுமே கிடைத்தது. ஆகவே வரலாறும் வணிகவியலும் படிக்கும் மாணவர்களை அமர்த்திப் பேசினேன். பேசி முடித்ததும் புரிந்ததா என்று கேட்பதில் பயனில்லை; அன்பின் காரணமாகவே எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால், கேட்டதை எனக்கே திருப்பிச் சொல்லுங்கள் என்று வேண்டினேன். சிலர் ஓரத்தில் ஆவியாதல் வேகம் அதிகம் என்பதை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் சற்று நிறுத்தி மறுபடியும் சொல்லும்படி பேச்சை மாற்றினேன். இன்னொருவர், வளையத்தின் காரணத்தையே நான்தான் கண்டறிந்தேன் என்று எண்ணிக்கொண்டிருந்தார். 3 நிமிடத்தில் வரலாற்றுக்கு இடமில்லைதான். ஆயினும் ஏற்கெனவே அறியப்பட்டது எது, நான் அளந்தது எது என்பதைப் பிரித்துச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இடம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். இளநிலை மாணவரின் பங்கு சிறியதாக இருப்பதில் குறை எதுவும் இல்லை. அது எதுவென்று அவைக்குத் தெரிய வேண்டும்.

ஸ்லைடைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சோப்பு சேர்க்காத சொட்டும் சேர்த்த சொட்டும் உலர்ந்த பின் எடுத்த இரண்டு படங்களை, ஒரே உருப்பெருக்கத்தில், அளவுகோலுடன் பக்கம் பக்கமாக வைத்தேன். வரைபடங்களை நீக்கினேன். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் எந்த அவையிலும் இருக்கக்கூடும் என்பதால் அந்த இரு நிறங்களைக் கொண்டு எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை.

பேச்சு ஒத்திகையில் அமைந்தபடியே அமைந்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் என்னை உண்மையாகவே சோதித்தன. இதனால் என்ன பயன் என்ற கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் முறையிலும், சொட்டுகளை உலர்த்திப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனைகளிலும் படிவு சீராக இருப்பது முக்கியம் என்றும், என் அளவீடுகள் அந்தப் பெரிய முயற்சியில் ஒரு சிறு பகுதி மட்டுமே என்றும் சொன்னேன். கண்ணாடிக்குப் பதிலாக மெழுகு பூசிய பரப்பில் சொட்டை விட்டால் என்ன ஆகும் என்று ஓர் இளைஞர் கேட்டார். நாங்கள் கண்ணாடியில் மட்டுமே செய்தோம். விளிம்பு ஒட்டாமல் நழுவினால் வளையம் மெலியும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் அது என் எதிர்பார்ப்பு, முடிவு அல்ல என்று பிரித்தே பதில் சொன்னேன்.

பின்வரிசையில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர் எழுந்து, "எல்லாச் சொட்டும் ஒரே மாதிரியா காய்ஞ்சுதும்மா?" என்று கேட்டார். ஒரே மாதிரி காயவில்லை என்பதே உண்மை. அறையின் ஈரப்பதம் மாறிய நாள்களில் வளையத்தின் அகலமும் மாறியது. அதனால்தான் பல சொட்டுகளை அளந்து சராசரியும் பரவலும் கணக்கிட்டிருந்தேன். திரையில் இருந்த இரண்டு படங்களும் சராசரிக்கு மிக நெருங்கியவை என்பதையும், அவற்றைவிட மங்கிய வேறுபாடு காட்டிய சொட்டுகளும் இருந்தன என்பதையும் அவரிடம் விளக்கினேன். ஆய்வு முறையைப் பற்றி எவரும் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது இருக்க முடியாது. துறைக்குள் நடந்த கூட்டங்களில் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலையே வழிகாட்டியிடம் பேசி, ஆய்வறிக்கையின் பின்னிணைப்பில் இருந்த, சொட்டுக்குச் சொட்டு வேறுபடும் அளவுகளின் அட்டவணையை முதன்மை அத்தியாயத்துக்கு மாற்றினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் பெரும்பாலான நேரத்தை அந்த அட்டவணையில்தான் செலவிட்டார்கள். மெழுகுப் பரப்பைப் பற்றிய கேள்வியை எங்களுக்கு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் தம் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.