மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவே

இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் மேல் எண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். 65 வயதுக்காரர் ஒருவருக்கு 160/70 என்று வந்தால், "கீழே நன்றாகத்தானே இருக்கிறது" என்று சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடிவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வரும் 90 என்ற இடைவெளிதான், அதாவது நாடி அழுத்தம்தான், அங்கே கவனிக்க வேண்டியது. 120/80 உள்ளவருக்கு இது 40 மட்டுமே. 60-ஐத் தாண்டினால் அதிகம் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்.

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயான பெருநாடி சற்றே விரிந்து, அதில் ஒரு பங்கைத் தன்னுள் தாங்கிக்கொண்டு, இதயம் தளரும் வேளையில் மீண்டும் சுருங்கி அதை முன்னே செலுத்துகிறது. வயது ஏற ஏற, பெருநாடிச் சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகள் நைந்து முறிய, எளிதில் நீளாத கொலாஜன் இழைகள் மிகுந்து சுவர் விறைக்கிறது. நீரிழிவும் சிறுநீரக நோயும் புகைப்பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன. விரிந்து கொடுக்காத குழாயில் மேல் எண் ஏறுகிறது. தாங்கி வைக்க இயலாததால் கீழ் எண் இறங்குகிறது. ஆகவே, முதுமையில் மேல் எண் ஏறிக்கொண்டிருக்க, கீழ் எண் தானாகவே குறைந்துவருவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதயத்துக்கு இதனால் இரட்டைச் சுமை. விறைத்த குழாயை எதிர்த்து அது கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது; இதயத் தசைக்கான இரத்தமோ பெரும்பாலும் அது தளரும் வேளையில்தான் பாய்கிறது என்பதால், கீழ் எண் மிகவும் தாழ்ந்தால் அந்த வரத்தும் குறையலாம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 1999-இல் வெளியான கட்டுரை, நடுவயதினரிடமும் முதியோரிடமும் இடைவெளி கூடக்கூட இதயத் தமனி நோய்க்கான அபாயமும் கூடுவதைக் காட்டியது.

இடைவெளி அகன்றாலே தமனி விறைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. கடும் இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, பெருநாடி வால்வுக் கசிவு ஆகியவையும் அதை அகலமாக்கும். மாறாக, மேல் எண்ணில் கால் பங்குக்கும் கீழே குறுகினால், இதயம் போதிய இரத்தத்தை வெளியேற்றவில்லையோ என்று ஐயுற வேண்டும். டெங்குவில் அது 20 அல்லது அதற்கும் கீழே வருவது, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத அதிர்ச்சி நிலையின் அடையாளம்.

நாடி அழுத்தத்தை மட்டும் தனியே குறைப்பதற்கென்று வழக்கத்தில் மருந்து இல்லை. உப்பைக் குறைப்பதும், தவறாத நடைப்பயிற்சியும், மேல் எண்ணைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளுமே வழி. ஏற்கெனவே இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டும்போது, கீழ் எண் 60-க்குக் கீழே போய்விடாமல் மருத்துவர்கள் பார்த்துக்கொள்வதும் இதயத் தசைக்கான இரத்த வரத்து குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.