முதிரையை இலையோடு பார்த்த சித்தப்பா

சித்தப்பாவுக்கு ஆமர் வீதியில் மரக்காலை. முதிரை, பாலை, கருங்காலி எதுவானாலும் சீவல் வாசத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு மரம் என்றால் லொறியில் வந்து இறங்குவதுதான். அதனால் தம்புள்ளையில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது, பொப்பம் மரத்தோப்புக்கும் அவரை இழுத்துக்கொண்டு போனேன். கண்டலம வீதியில், குகைக் கோயிலில் இருந்து கிட்டத்தான்.

சாம் பொப்பம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்து கைவிட்ட பற்றைக் காணியில் 1963இல் இதைத் தொடங்கினார். முதலில் அவரும் கன்றுகள்தான் நட்டார், சரிவரவில்லை. முட்பற்றையை வெட்டிய இடங்களிலோ தானாக முளைத்த காட்டுக் கன்றுகள் மளமளவென்று எழும்பின. அப்புறம் நடுவதையே விட்டுவிட்டு, நல்ல கன்றை நெரிக்கும் பற்றையை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார். சொந்த முயற்சியாக வளர்ந்த அந்தக் காடு பின்னாளில் கண்டியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவகத்தின் பொறுப்புக்கு வந்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சின்ன வீடும் உள்ளே இருக்கிறது.

எங்கள் கொழும்பில் மர நடுகை என்றால் பந்தல், பிரமுகர், போட்டோ. அடுத்த பங்குனி வெயிலில் அந்தக் கன்று இருக்கிறதா என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. கத்தியோடு குனிந்து பற்றை வெட்டுகிற ஆளை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

உள்ளே போனதும் சித்தப்பா ஒரு முதிரைக்கு முன்னால் நின்றுவிட்டார். பட்டை தடித்து வெடித்திருந்தது. இலை கிட்டத்தட்ட கறிவேப்பிலை மாதிரி, காம்பின் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக. அண்ணாந்து பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் அடிமரத்தைச் சுற்றிப் பிடித்து அளந்தார்.

"என்ன பிள்ளை, இத்தனை வருஷமாகியும் இது ஒரு கதவு நிலைக்குக்கூடக் காணாதே!"

காட்டு மரம் அப்படித்தான் சித்தப்பா, ஆறுதலாகத்தான் பருக்கும் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தவர், மரக்காலையில் ஒரு மாதத்துக்கு எத்தனை முதிரை அறுபடுகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார். நான் குறுக்கிடவில்லை.

இருட்டிய பிறகு வழிகாட்டித் தம்பியோடு தேவாங்கு பார்க்கப் போனோம். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது என்று சிவப்பு டோர்ச்தான் அடித்தார். கொப்புக்குள்ளே இரண்டு கண் தணலாக மின்னின. உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு, ஈர்க்குக் கால்கள். ஒரு கொப்பை விட்டு மற்றதைப் பிடிக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் சித்தப்பா பொறுமை இழந்துவிட்டார்.

போகிறவர்கள் நீளக் காற்சட்டை போட்டு, சொக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். உண்ணி இருக்கிறது. சித்தப்பா சாரத்தோடு வந்தார். வெள்ளவத்தை வந்து சேரும்வரை சொறிந்துகொண்டே இருந்தார்.