அப்பா சீலிங்கில் போட்ட பென்சில் கோடு

அப்பா 1979-ல் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குச் சித்தாளாக வந்தவர். ஐந்தாறு வருடத்தில் கொத்தனார், அப்புறம் மேஸ்திரி. இந்திராநகரிலும் கம்மனஹள்ளியிலும் அவர் கை வைத்துக் கட்டிய வீடுகளை, பஸ்ஸில் போகும்போது எனக்கு ஜன்னல் வழியாகக் காட்டுவார். நாங்கள் மட்டும் இந்த ஊரில் வாடகையிலும் லீஸிலுமாக ஒன்பது வீடு மாறிவிட்டோம். போன வருடம் அவருக்கு 70 முடிந்தது. அவர் நல்ல நடமாட்டத்தோடு இருக்கும்போதே சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நானும் என் கணவரும் அன்றைக்கே பேசி முடிவு செய்தோம்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் மர்பி டவுன் வீட்டு லீஸ் பணம், அதாவது மாத வாடகைக்குப் பதிலாக ஓனரிடம் மொத்தமாகக் கொடுத்து வைத்தது, 12 லட்சம். சேமிப்பு, பி.எஃப்., என் நகை எல்லாம் சேர்த்து 17 லட்சம். மாதம் 35,000 தவணை கட்ட முடியும்; 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் அதற்கு 40 லட்சம் கடன் வரும். ஆக மொத்தம் 69 லட்சம். முதல் வாரம் இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் கழித்தல் ஆரம்பித்தது. 45 லட்சத்துக்கு மேல் விலை என்றால் கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன் தலையில் செஸ்ஸும் சர்சார்ஜும். பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆகிவிட்டது. கூட்டினால் ஏழரைக்குக் கொஞ்சம் மேலே போகிறது. இதற்கு வங்கி கடன் தராது, கையிலிருந்துதான் போட வேண்டும். 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் வீட்டை வாங்குகிறவரே விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இது விற்கிறவர் பணம்தான், ஆனால் கட்டாமல் விட்டால் நம் தலையில் விழும்.

லீஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பணம் காலி செய்யும்போதுதான் திரும்பி வரும். ஓனர் அடுத்த ஆளைப் பிடித்து, அவரிடம் வாங்கித்தான் நமக்குக் கொடுப்பார். முன்பு இருந்த வீட்டில் இதற்காக நாலு மாதம் நடந்தோம். பத்திரப்பதிவு அன்றைக்கு அந்த 12 லட்சம் கையில் இருந்தே ஆக வேண்டும். அதனால் வீடு கிடைப்பதற்கு முன்பே, காலி செய்யப்போகிறோம் என்று ஓனரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏழு மாதத்தில் 23 வீடு பார்த்தோம். இந்த விலைக்கு நன்றாக இருக்கிற தனி வீடு ஊருக்குள் கிடைக்காது என்று மூன்றாவது வீட்டிலேயே புரிந்துவிட்டது. அப்பா சொன்னார், "நல்லா இருக்கிற வீட்ட ஏம்மா தேடற? கெட்டுப்போனத நான் சரி பண்ணிக் குடுக்கறேன். எது கெட்டுப்போயிருக்குங்கறதுதான் முக்கியம்." அன்றிலிருந்து பழைய வீடுகளை மட்டும் பார்த்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் தூக்குக்குண்டு, ரசமட்டம், ஒரு அஞ்சு ரூபாய் நாணயம் மூன்றையும் மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு வருவார். தரகர்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் சுவரைத் தட்ட ஆரம்பித்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

காக்ஸ் டவுனில் ஒரு வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாசலில் மாமரம், உள்ளே பாளம் பாளமாக வெளிச்சம். அப்பா அங்கே சீலிங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. கம்பி துருப்பிடித்தால் பருத்துக்கொள்ளும், பருத்தால் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும், அது பாளமாக விழும். இரண்டு இடத்தில் தெரிந்தால் தெரியாத இடத்திலும் இருக்கும் என்றார். அதற்கு மேல் பூசி பெயிண்ட் அடித்துக் கொடுப்பதாகத் தரகர் சொன்னார். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு அந்த மாமரத்துக்காக இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

ஈஜிபுராவில் ஒரு வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. கட்டும்போது ரோட்டுக்கு மேலேதான் இருந்திருக்கும். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. சாக்கடைத் தொட்டியின் மட்டம் வீட்டுத் தரையைவிட உயரம். பெரிய மழையில் கழிவு திரும்பிப் பாத்ரூமுக்குள் வரும். இன்னொரு வீடு, ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரம். புது பெயிண்ட், பளிச்சென்று இருந்தது. ஆனால் எல்லா அறையிலும் ப்ளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அப்பா கேட்டின் அடிப்பக்கத் துருவைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் ஒரே கோடாக நின்றிருந்தது. தண்ணீர் எதுவரை வந்து நின்றது என்பதற்கு அதுவே சாட்சி.

ஹொரமாவு பக்கம் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும். 46 லட்சம்தான் கேட்டார்கள். சுவர், தளம் எல்லாவற்றிலும் அப்பாவுக்கே திருப்தி. ஆனால் ரெவென்யூ சைட், பி காத்தா, அதாவது முறையான அனுமதி இல்லாத சொத்துக்குத் தருகிற காத்தா. விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமலே மனை போட்டு விற்றிருக்கிறார்கள். இரண்டு வங்கியில் கேட்டோம், இரண்டிலும் முடியாது என்றார்கள். தனியார் ஃபைனான்ஸில் கிடைக்கும், ஆனால் வட்டி எங்கேயோ போகிறது. காத்தா என்றாலே உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரி யார் பேரில் என்று மாநகராட்சி வைத்திருக்கும் கணக்குதான் காத்தா. உரிமையைச் சொல்வது கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும். ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் வில்லங்கம் ஏதும் இல்லாமலும் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஈ-காத்தா, அதாவது கம்ப்யூட்டரில் ஏறிய காத்தா, இல்லாமல் பத்திரப்பதிவும் நடக்காது. அன்றைக்குத் திரும்பி வரும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "சொவரு கோணலா இருந்தா இடிச்சுக் கட்டிடுவேன், காகிதத்துல எனக்குக் கை வராதும்மா" என்றார். அவர் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் தூக்குக்குண்டை எடுப்பதற்கு முன்னால் நான் பத்திர நகலைக் கேட்க ஆரம்பித்தேன்.

லிங்கராஜபுரம் வீடு 21-வது. 18-க்கு 30 அடி மனை, 1991-ல் கட்டியது, முறையான சொத்துக்கு உரிய ஏ காத்தா. கார் நுழையாத சந்து என்பதால்தான் எங்களுக்கு எட்டுகிற விலை. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், மகனோடு ஓசூருக்குப் போகப்போகிறார். 62 கேட்டார், 58-க்குச் சம்மதித்தார். பாத்ரூம் முழுதாக இடிக்க வேண்டும். ஒயரிங் பழசு, மரப்பலகை சுவிட்ச் போர்டு, எர்த்து கிடையாது. கிழக்குச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருக்கிறது. ஒரு கான்ட்ராக்டர் ஒன்பதரை லட்சம் சொன்னார். அப்பா ஆறில் முடியும் என்று எழுதிக் காட்டினார். ஜன்னல் மூலையில் இருந்த விரிசலை நான் பயந்து காட்டினேன். அவர் நகத்தை வைத்துப் பார்த்து, பூச்சில் மட்டும்தான் என்றார். நாணயத்தால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வந்தது. தரை சிவப்பு ஆக்சைடு, 35 வருடம் கால்பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அப்பா செருப்பில்லாமல் அதில் மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். இப்படித் தேய்க்கிற ஆட்கள் இப்போது இல்லை, இதன் மேல் டைல்ஸ் ஒட்டக் கூடாது என்றார். வீட்டை வாங்குவதா என்று நாங்கள் அப்போது இன்னும் முடிவு செய்திருக்கவே இல்லை.

பின்னறை சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஈரக்கறை. அது ஒன்றுதான் இடித்தது. தளம் போய்விட்டால் ஆறு லட்சம் எந்த மூலைக்கு? அப்பா ஸ்டூலில் ஏறி, கறையைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். "ஒரு மழை வரட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்று டீச்சரம்மாவிடம் சொன்னார். அவர் கோபப்படவில்லை. தரகர்தான் ரொக்கத்தோடு வேறு பார்ட்டி வருகிறது என்று தினமும் போன் செய்தார். 19 நாள். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஜன்னலோரம் போய் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய் ராத்திரி இடியோடு கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் அப்பாவும் நானும் ஆட்டோ பிடித்தோம். கறை மூன்று பக்கம் கோட்டுக்குள்ளேயே இருந்தது. வடக்குப் பக்கம் மட்டும் நாலு விரற்கடை தாண்டியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் முழங்கால் வலியோடு மாடிக்கு ஏறினார். மொட்டை மாடி நடுவில் மண்ணால் பாத்தி கட்டி, நாலு குடம் தண்ணீர் நிறுத்தச் சொன்னார். இரண்டு மணி நேரம் கீழே உட்கார்ந்து பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை. டீச்சரம்மா இரண்டு தடவை காபி கொடுத்தார். அப்புறம் வடக்கு ஓரம், மழைத்தண்ணீர்க் குழாயின் வாயருகே பாத்தி கட்டினோம். இருபது நிமிடத்தில் கோட்டுக்கு வெளியே முத்து முத்தாக வேர்த்தது.

"தளம் இல்லம்மா. கொழா வாய்" என்றார் அப்பா. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் குழாய் உட்கார்ந்த கலவை விண்டிருக்கிறது. நாலாயிரம் ரூபாய் வேலை.

வியாழக்கிழமை ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தோம். 2004-க்கு முந்தைய ஈசியையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்து வக்கீல் படித்த பிறகுதான் அக்ரிமென்ட். திரும்பும்போது ஆட்டோவிலேயே அப்பா காகிதம் கேட்டார். என் பையில் வங்கி விண்ணப்பம்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினார்: எம் சாண்ட் மூட்டையில் வரணும், சந்துக்குள்ள வண்டி வராது, தலைச்சுமைக் கூலி தனி. பாத்ரூம் முதல்ல. தரையில கை வைக்கக் கூடாது.