நிண்டுகொண்டே தலைகீழாப் போன காலம்

ரொறன்ரோ வாவிக்கரையில இருந்த பொழுதுபோக்குப் பூங்கா ஒன்ராரியோ பிளேசின்ட அந்த வெள்ளைப் பந்து இருக்கெல்லோ, சினிஸ்பியர் தியேட்டர், அது இன்னும் நிக்குது, அதைப் பாத்திட்டு எல்லாம் அப்பிடியே இருக்கு எண்டு நினைச்சிடாதேங்கோ. சில்ட்ரன்ஸ் விலேஜ் போயிட்டுது, மரக்குத்தி மாதிரி வள்ளத்தில இருந்து தண்ணிக்குள்ள விழுற லொக் ஃபிளூம் போயிட்டுது, சுத்துற மேடை போயிட்டுது, கரையில கட்டி நிண்ட போர்க்கப்பல் ஹமில்ரனுக்குப் போயிட்டுது. எங்கட பழைய மாணவர் மலர்க்குழு என்னட்டை எழுதித் தரச்சொல்லிக் கேட்டது பள்ளிக்கூட ஞாபகம். கேட்டவனும் என்ட வகுப்புத்தான், அவனுக்கே தெரியும் 82இல ஏ.எல் சோதினை எடுத்த எங்கட பெடியள் இஞ்ச ஒரு கலியாண வீட்டில சந்திச்சால் மைதானம், விடுதிச் சாப்பாடு, அதிபற்ற பிரம்பு எல்லாம் சோடா முடியிறதுக்குள்ள கதைச்சு முடிஞ்சிடும், பிறகு ஹோல் பூட்டுற வரைக்கும் கார்ப் பார்க்கில நிண்டு சண்டை பிடிக்கிறது வொண்டர்லாண்ட் எண்ட மற்றப் பெரிய பூங்காவில எந்த ரைட் எங்க இருந்தது, எப்ப கழட்டினவங்கள் எண்டதுக்குத்தான். பெண்சாதிமார் காருக்குள்ள இருந்து ஹோர்ன் அடிப்பினம். அந்தக் கதையையே எழுதுறன், பள்ளிக்கூடம் எங்கயெண்டு கேக்கிறவை கொஞ்சம் பொறுங்கோ.

நாங்கள் கனபேர் 86, 87இல வந்து இறங்கினாக்கள். வெல்லெஸ்லி பார்லிமென்ற் சந்திக்குப் பக்கத்தில அந்த உயரமான கட்டிடங்களில ஒரு அறையில ஆறேழு பேர், ஆளுக்கொரு நாள் சமையல், ராவில ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவுறது, பகலில நித்திரை, அகதிக் கேஸ் எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு தபால்பெட்டியைப் பாத்துக்கொண்டிருக்கிறது. ஊரில இருந்து கடிதம் வர மாசக்கணக்காகும், வந்தாலும் அது எழுதினதுக்குப் பிறகு அங்க என்ன நடந்திருக்குமோ எண்டுதான் யோசினை. சட்டி பானை தலையணை எல்லாம் பாதர்ஸ்ட் புளோர் சந்தியில ஒனெஸ்ற் எட்ஸில வாங்கினது. அந்தக் கடையும் 2016 கடைசியோட பூட்டியாச்சு. பைவே, நொப்ஹில் ஃபாம்ஸ் எண்டு நாங்கள் மூட்டையா சாமான் அள்ளின கடையளும் இப்ப இல்லை. ஆனா அந்தக் கடையளைப் பற்றி எங்கட ஆக்கள் ஆரும் உருகி உருகிக் கதைச்சு நான் கேக்கேல்லை. ரைட்டுகளைப் பற்றித்தான் கதைப்பினம். ஏனெண்டு நான் கனகாலமா யோசிச்சிருக்கிறன்.

ஒனெஸ்ற் எட்ஸுக்குக் கிட்ட பாதர்ஸ்ட் ஸ்ரேசனில 511 ஸ்ரீற்கார் எடுத்தால் நேர எக்சிபிசன் பக்கம் கொண்டுபோய் விடும், அங்கயிருந்து நடந்தால் ஒன்ராரியோ பிளேஸ். 1971இல திறந்தது, வாவிக்குள்ள மண்ணைப் போட்டு மூண்டு செயற்கைத் தீவு உண்டாக்கி, தண்ணிக்கு மேல கால் ஊண்டின மாதிரி வெள்ளைக் கட்டிடங்கள் அஞ்சு நிறுத்தி வைச்சிருந்தாங்கள், கட்டினவர் எபர்ஹார்ட் சைட்லர் எண்ட கட்டிடக்கலைஞர். சினிஸ்பியர் உலகத்திலயே முதன்முதலா நிரந்தரமாக் கட்டின ஐமேக்ஸ் தியேட்டர். ஊரில வின்சர் தியேட்டரிலயும் ராஜாவிலயும் கலரிக்கு அடிபட்டு ரிக்கற் எடுத்த எங்களுக்கு அந்தத் திரையைப் பாத்தோடன வாய் மூடேல்லை. விமானத்தில இருந்து எடுத்த காடும் ஏரியும், கதிரையைப் பிடிச்சுக்கொண்டிருந்தம். எங்களோட வந்த ஒருத்தன், இப்ப பெரிய கணக்காளர், பேர் சொல்லமாட்டன், படம் முடியிறவரைக்கும் கண்ணைத் திறக்கேல்லை.

அந்தக் காலத்தில ஃபோறம் எண்டொரு திறந்த அரங்கு, நடுவில மேடை மெல்ல மெல்லச் சுத்தும், சுத்திவர புல்லுத் திட்டியில சனம் இருக்கும், வாசல் ரிக்கற்றோட கச்சேரியும் சேர்த்தி. பாடுறது ஆரெண்டும் எங்களுக்குத் தெரியாது, பாட்டும் விளங்காது, ஆனா புல்லில படுத்திருந்து கடலை கொறிச்சுக்கொண்டு கேக்கேக்க கோயில் வீதியில விடியவிடிய மேளக் கச்சேரி கேட்டுக்கொண்டு மண்ணில படுத்த அதே சுகம். 94இல அதை இடிச்சு அடுத்த வருசமே பெரிய அம்பிதியேட்டர் கட்டினாங்கள். வசதியானதுதான், ஆனா மேடை சுத்தாது, காசு குடுத்தவனுக்குத்தான் கதிரை. எனக்கு அது பிடிக்கேல்லை.

கப்பலைச் சொல்லாமல் போகேலாது. ஹைடா எண்டு ரெண்டாம் உலக யுத்தத்தில ஓடின கனடாக் கடற்படைக் கப்பல், அங்க கட்டி மியூசியமா வைச்சிருந்தவங்கள், 2003இலதான் ஹமில்ரனுக்கு இழுத்துக்கொண்டு போனது. பிள்ளையள் பீரங்கிக்கு மேல ஏறி இருந்து படம் எடுப்பினம். எங்களோட வந்த ஒரு கரையூர்ப் பெடியன் கப்பலுக்குக் கிட்டவும் வரமாட்டன் எண்டிட்டான். சாம்பல் நிறத்தில அந்த உருவத்தைக் கண்டால் ஊரில நாங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்தால ஓடுறனாங்கள், இஞ்ச ரிக்கற் எடுத்து ஏறச் சொல்லுறியோடா எண்டு கேட்டான். ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவன் கரையில வாங்கில இருந்து ஐஸ்கிறீம் குடிச்சான், நாங்கள் ஏறிப் பாத்திட்டு வந்தம். பிறகு அதைப்பற்றி நாங்கள் கதைச்சதே இல்லை.

சில்ட்ரன்ஸ் விலேஜை நாங்கள் முதல் வெளியில நிண்டுதான் பாத்தது, எங்களிட்ட அப்ப பிள்ளையள் இல்லை. 1972இல எரிக் மக்மிலன் எண்டவர் வடிவமைச்சது. தலைக்கு மேல வலை, கயிறு, ரப்பர், பெரிய குத்துச்சண்டைப் பையள் காடு மாதிரித் தொங்கும், பிள்ளையள் அதுக்குள்ள இடிபட்டு விழுந்து எழும்பி ஓடுவினம், தாய்தகப்பன் உள்ளுக்கு வரத் தேவையில்லை. பிறகு கலியாணம் கட்டி, மனுசி வந்து, பிள்ளையள் பிறந்து, அதுகளை அங்க விடேக்கதான் வடிவா விளங்கினது. விழுந்தாலும் நோகாத இடம் எண்டு ஒண்டு உலகத்தில இருக்கு. என்ட மூத்தவள் ஊர்ப் பேரக்குஞ்சு மாதிரி வேப்பமரத்தில ஏறேல்லை, கிணத்துக்கட்டில இருக்கேல்லை, ஆனா அந்தப் பையளுக்கு நடுவில மூக்கு வேர்க்க ஓடினவள். இப்ப அவளுக்கு 30 தாண்டிட்டுது, கேட்டால் அந்த வலையின்ட மணத்தைக்கூடச் சொல்லுறாள். ரப்பரும் வேர்வையும் சேர்ந்த ஒரு மணமாம்.

சரி, வொண்டர்லாண்டுக்கு வாறன். 1981 மே மாசம் திறந்தது, அப்ப நாங்கள் ஊரில படிச்சுக்கொண்டிருக்கிறம், அதே மாசக் கடைசியிலதான் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. ரெண்டு திகதியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு நான் ஒருக்காச் சொல்லப்போக ஒருத்தன் பேசினான், கொண்டாட்ட வீட்டில உதெல்லாம் கதைக்கிறியே எண்டு. ஆனா எனக்கு அது அப்பிடித்தான் ஞாபகத்தில நிக்குது.

நடுவில சீமெந்தால கட்டின பெரிய மலை, அதில இருந்து தண்ணி கொட்டும், மேல ஏறி நிண்டு கீழ தடாகத்துக்குள்ள குதிக்கிற ஷோ ஒண்டும் இருந்தது. எங்கட பக்கத்தில மலைக்கு எங்க போறது, கீரிமலையிலயே கேணிதான் இருக்கு. வெளிநாட்டில முதல் மலை கண்டது வொண்டர்லாண்டில எண்டு ஊருக்குக் கடிதம் எழுதினவன் எங்கட பட்ச்சில இருக்கிறான்.

கார்ப் பார்க்குச் சண்டையில முக்கால்வாசி ஸ்கைரைடர் எண்ட ரோலர் கோஸ்ரரைப் பற்றித்தான். 1985இல வந்தது, இருக்கிறதுக்கு சீற் இல்லை, நிண்டபடி தோளுக்கு மேலால இரும்பைப் பூட்டி விடுவாங்கள், அப்பிடியே ஒரு முழு வட்டம் தலைகீழா. இப்ப யோசிச்சால் அது நல்ல ரைட்டே இல்லை, கழுத்தும் காதும் ரெண்டு பக்கமும் அடிபட்டு இறங்கேக்க தலைக்குள்ள மணி அடிக்கும். ஆனா அந்த வயசில அதில ஏறாட்டி ஆம்பிளையில்லை. ஜெட் ஸ்கிரீம் பிறகு 92இல வந்தது, கப்பல் மாதிரி ஒரு பெட்டிக்குள்ள சனத்தை இருத்தி முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டி, கடைசியில உச்சியில தலைகீழா நிப்பாட்டி வைப்பாங்கள். பொக்கற்றில இருக்கிற சில்லறை முழுக்கக் கீழ கொட்டும். லோண்டரிக்கெண்டு சேர்த்து வைச்ச குவாட்டர் எல்லாம் போட்டுது எண்டு ஒருத்தன் அண்டு முழுக்க அழுதவன், அவனுக்கு ரைட்டில பயமில்லை, அந்தக் கிழமை உடுப்புத் தோய்க்கிறது எப்பிடி எண்டதுதான் கவலை.

ரெண்டையும் 2014இல கழட்டிப் போட்டாங்கள். ஸ்கைரைடரை இத்தாலிக்கு வித்து 2015இல அங்க ஒரு பார்க்கில வேற பேரில ஓடவிட்டவங்கள். பாத்தியோ, எங்களுக்கு ஸ்பொன்சர் சரிவர எத்தினை வருசம் எடுத்தது, அதுக்கு ஒரே வருசத்தில இத்தாலி விசா குடுத்திட்டாங்கள் எண்டு ஒருத்தன் சொல்ல கார்ப் பார்க் முழுக்கச் சிரிப்பு. சுவிசில இருக்கிற எங்கட வகுப்பாளுக்கு அப்பவே கோல் எடுத்து, எட்டிப் போய் ஒருக்கா ஏறிப்பாத்திட்டு வா மச்சான் எண்டம். அங்க அப்ப விடியப்பறம். அவன் பேசின பேச்சை மலரில போடேலாது.

இப்ப பள்ளிக்கூடத்துக்கு வாறன். 83 ஆடிக்குப் பிறகு எங்கட பட்ச் எப்பிடிச் சிதறினது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருத்தன் ஜேர்மனி, ஒருத்தன் சவூதி, ஒருத்தன் இயக்கம், ஒருத்தன்ட கதை இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில எடுத்த குறூப் போட்டோ ஒருத்தரிட்டையும் இல்லை, 95 இடம்பெயர்வில வீடுகளோட போனது. இஞ்ச வந்த பிறகும் ஒருத்தரை ஒருத்தர் காணுறது எங்க? ஆளுக்கு ரெண்டு வேலை, ஒருத்தன் வேலையால வரேக்க மற்றவன் வேலைக்குப் போறான், படியில கண்டு என்னடா எண்டு கேக்கிறதோட சரி. ஒழுங்கா நாலு வார்த்தை கதைச்சது வொண்டர்லாண்டில, லைனில. ஒரு ரைட்டுக்கு ஒண்டரை மணித்தியாலம் நிக்கோணும், ஏறி இறங்க ரெண்டு நிமிசம். அந்த ஒண்டரை மணித்தியாலத்திலதான் ஆற்ற தம்பி பிடிபட்டான், ஆற்ற தங்கச்சிக்குச் சீதனம் சேருது, கெமிஸ்ற்றி மாஸ்டர் எங்க இருக்கிறார், எல்லாம் கதைச்சது.

எங்களுக்கு கியூ புதுசில்லை. சிறிமா காலத்தில சின்னப் பெடியளா விடியப்பறம் எழும்பிப் போய் சங்கக்கடையில பாணுக்கு நிண்டாக்கள், கூப்பனுக்கு நிண்டாக்கள், பிறகு பாஸ்போட்டுக்கு, எம்பசியில, இமிக்கிரேசனில. அதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பயந்து பயந்து நிண்ட கியூ, முன்னுக்குப் போகப்போக நெஞ்சு இடிக்கும், முடிஞ்சுது எண்டு கையை விரிப்பாங்களோ எண்டு. வொண்டர்லாண்டிலதான் முதன்முதலா ஒரு கியூ முழுக்கச் சிரிச்சுக்கொண்டு நிண்டது. நெஞ்சு இடிச்சதுதான், ஆனா அது காசு குடுத்து வாங்கின பயம். கடைகள் போனதுக்குக் கவலைப்படாத சனம் ரைட் போனதுக்கு ஏன் கவலைப்படுது எண்டதுக்கு என்னட்டை இருக்கிற மறுமொழி இதுதான். இருபத்துமூண்டு இருபத்துநாலு வயசில நாங்கள் தாய்தகப்பன் மாதிரிக் குடும்பம் பாத்தனாங்கள், பெடியங்களா இருந்தது அந்த லைனில மட்டுந்தான்.

சாப்பாடும் சொல்லோணும். வெளிச் சாப்பாடு உள்ளுக்கு விடாங்கள், உள்ளுக்கு விக்கிற விலைக்கு எங்களால வாங்கேலாது. அதால கையில ஸ்ராம்ப் குத்திக்கொண்டு வெளிய வந்து, கார் டிக்கியைத் திறந்து வைச்சு, புட்டும் இறைச்சிக் கறியும், ரோல்ஸ், கட்லட், பிளாஸ்க்கில பிளேன்ரீ. பக்கத்துக் கார்க்காரர் மணத்துக்குத் திரும்பிப் பாப்பினம், ஒருக்கா ஒரு போத்துக்கீசக் குடும்பம் கட்லட் வாங்கிச் சாப்பிட்டிட்டு திராட்சை வைன் தந்தது. பிறகு பிள்ளையள் வளர்ந்து சீசன் பாஸ் எடுத்து உள்ளுக்கு விக்கிற ஃபனல் கேக்தான் வேணும் எண்டு நிண்டினம், டிக்கிப் புட்டு அதோட முடிஞ்சுது.

எங்கட படம் ஒண்டு இருக்கு. இன்ரநாஷனல் ஸ்ரீற் தண்ணீர்த் தாரைக்கு முன்னால, பின்னுக்கு மலை, எல்லாருக்கும் மீசை, ரெண்டு பேர் கடன் வாங்கின கூலிங்கிளாஸ். எங்கட வகுப்பு எண்டு காட்ட எங்களிட்ட மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு படந்தான். பின்வரிசையில நிக்கிறவன் பள்ளிக்கூட குறூப் போட்டோவிலயும் பின்வரிசைதான், உயரம் அப்பிடி. மலர்க்குழுவிட்டைக் குடுத்திருக்கிறன், தெளிவாப் போடுவினம் எண்டு நம்புறன்.

ஒன்ராரியோ பிளேஸ் பார்க்கை 2012இல மூடினவங்கள், சினிஸ்பியரை மட்டும் 2017இல திருப்பித் திறந்தது. இப்ப மேற்குத் தீவை ஒஸ்ரியாக் கொம்பனி ஒண்டுக்கு 95 வருசக் குத்தகைக்குக் குடுத்து பெரிய ஸ்பா கட்டப் போகினமாம், 2024 ஒக்ரோபரில ஒரு ராவில 800க்கு மேற்பட்ட மரத்தைத் தறிச்சுப் போட்டினம். அதே வருசம் யூன் மாசம் டொன் மில்ஸ் சயன்ஸ் சென்ரரையும் கூரைப் பலகை பழுது எண்டு ஒரு வெள்ளிக்கிழமை திடீரெண்டு பூட்டினது. எங்கட பிள்ளையள் கையை வைச்சு மயிர் நட்டுக்கொண்டு நிண்ட மின்சார உருண்டை, அது அங்கதான். அதையும் ஒன்ராரியோ பிளேசுக்கே கொண்டுவரப் போறம் எண்டு சொல்லுகினம். சுடுதண்ணித் தொட்டியில ஊற எங்கட வயசுக்கு நல்லதுதான், எனக்கும் முழங்கால் பிரச்சினை இருக்கு, ஆனா மரத்தை ராவில தறிக்கிறவங்களிட்ட ஊறப் போற எண்ணம் எனக்கில்லை.

ஒரு பிரச்சினை இன்னும் தீரேல்லை. முட்டி மோதுற வள்ளம், பம்பர் போட், அது ஒன்ராரியோ பிளேசில இருந்தது எண்டு நான் சொல்லுறன், இல்லை வொண்டர்லாண்ட் எண்டு கணக்காளர் சத்தியம் பண்ணுறார். படத்தில கண்ணை மூடிக்கொண்டிருந்தவற்ற சாட்சியை நம்பேலாது. ஆரிட்டையாவது பழைய அல்பத்தில படம் இருந்தால் ஓகஸ்ற்றில மில்ன் டாம் பார்க்கில நடக்கிற எங்கட ஒன்றுகூடலுக்குக் கொண்டு வாங்கோ. ஆட்டிறைச்சிக்குக் காசு சேர்க்கிறது இந்த முறையும் எங்கட பொருளாளர்தான், ரசீது கேட்டு வாங்குங்கோ.