ஏழாம் பலகையில் ஒரு மணிக்கூடு

திருகோணமலைக்குப் பக்கத்தில், தம்பலகாமத்தில் அப்பப்பாவின் நெல் கொட்டிலைப் பிரிக்கப் போகிறார்கள் என்று மாமி தொலைபேசியில் சொன்னபோது, ஓடு யாருக்கு, தீராந்தி யாருக்கு என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எனக்கு வாசல் பலகை மட்டும் போதும் என்றேன். "அந்தக் கறுப்புப் பலகையா? அதை வைச்சு என்ன செய்யப் போறாய் தம்பி?" என்றார். மணிக்கூடு, உங்களுக்குத்தான் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட சாமான்கள் எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே நிறைய.

அந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குக் கதவு கிடையாது. இரண்டு பக்க நிலையிலும் காடி வெட்டி, எட்டுப் பலகைகளை மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைப்பார்கள். பெரும்போகம் வெட்டி நெல் நிறைந்தால் எட்டும் ஏறும். நெல் இறங்க இறங்க மேல் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். வரிசை மாறிப் போனால் காடியில் இறுகும் என்பதால் ஒவ்வொன்றின் இடது பக்கத்திலும் உளியால் இலக்கம் கொத்தியிருக்கும், தமிழ் இலக்கம். சின்ன வயதில் எனக்கு அது இலக்கம் என்றே தெரியாது. கீழிருந்து "க, உ" என்று வாசித்துக்கொண்டு போய், நடுவில் ஒன்றும் விளங்காமல், கடைசியில் "எ, அ" என்று முடிப்பேன்.

பலகை வந்த சனிக்கிழமை

மரம் ஏற்றுவதற்கு அனுமதிப் பத்திரம் எடுத்து உவர்மலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. வந்தது நாலு பலகை. ௧, ௨ இரண்டும் நிலத்தோடு கிடந்து ஈரம் குடித்து, பிடித்தால் கையோடு வந்தன. அவை தம்பலகாமத்திலேயே அடுப்புக்குப் போய்விட்டன. மாமிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். ௨ என்றால் பிள்ளையார் சுழி அல்லவா.

எனக்குக் கிடைத்தவை ௫ முதல் ௮ வரை. ஏழு அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. என்ன மரம் என்று தெரியாமல் ஓடாவியாரிடம் காட்டினேன். ஒரு மூலையில் சீவுளியை ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்புக்குக் கீழே தேன் நிறத்தில், வெயில் பட்டால் பட்டுத்துணி போல் அலையடித்தது. "முதிரை. நல்ல வைரம்" என்றார். தமிழ்நாட்டில் புருசு என்பார்களே, அதே மரம்.

அந்த ஒரு இழுப்பைப் பார்த்ததும் முழுவதையும் சீவிப் பளபளப்பாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஓடாவியார் ஒன்றும் பேசாமல் பலகையின் மேல் விளிம்பில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில், ஒரு முழ இடைவெளியில், விளிம்பு வழுவழுவென்று மழுங்கியிருந்தது. பிடித்துத் தூக்கிய கைகள் தேய்த்தது. ௭-இலும் ௮-இலும்தான் அது அதிகம். ௫-இல் லேசாகத்தான் தெரிகிறது. மேல் பலகைதானே அடிக்கடி கழறும். "இதைச் சீவுறதென்றால், தம்பி, கடையில புதுப் பலகை வாங்கியிருக்கலாமே."

முன்பக்கத்தில் சீவுளி படாது என்று அன்றைக்கே முடிவாயிற்று. ஓடாவியார் இழுத்த அந்த மூலை மட்டும் விதிவிலக்கு. அதை வெட்டி எறியும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை: சொறி

ஆணி பிடுங்குவதற்கு முன் பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். வெளியே ஆறு ஆணிதான் தெரிந்தது. காந்தம் பதினொரு இடத்தில் ஒட்டியது. ஒடிந்த ஆணி ஒன்றில் வாள் பட்டால் பல் போய்விடும், ஆகவே இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. ஆணியைச் சுற்றி மரம் நீலக் கறுப்பாக ஊறியிருந்தது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அதையும் அப்படியே விட்டேன்.

பின்பக்கத்தை மட்டும் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். முகத்துக்குத் துணி கட்டியிருந்தேன், கைக்கு ஒன்றும் போடவில்லை. இரவு முழங்கை வரை சிவந்து தடித்து, கழுத்திலும் ஏறிவிட்டது. கம்பளிப்பூச்சி ஏதோ என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் தேய்த்து இரண்டாம் தடவையும் சொறிந்த பிறகுதான் விளங்கியது: முதிரைத் தூசு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஓடாவியாரிடம் சொன்னேன், சிரித்தார். முதலே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு முழுக்கைச் சட்டை, தேய்ப்பதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பு, முடிந்ததும் குளிப்பு.

கணக்கு

என் மூளையை அதிகம் தின்ற பகுதி இது. ௭ என்ற இலக்கம் ஏற்கெனவே பலகையில் இருக்கிறது. அதை மணிக்கூட்டில் ஏழு மணி இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன?

இரண்டு பலகையைக் கிடையாகச் சேர்த்தால் பதினாலு அங்குலச் சதுரம். ஆனால் அப்போது நடுத்துளை சரியாகப் பொருத்தின் மேல் விழும், அது பலவீனம். அதைவிட, ௭ பலகையின் அகலத்தில் நடுவாகக் கொத்தப்பட்டிருப்பதால் பொருத்திலிருந்து மூன்றரை அங்குலம் கீழேதான் வரும். ஐந்தரை அங்குல ஆரத்தில் ஏழு மணி என்பது மையத்திலிருந்து நாலே முக்கால் அங்குலம் கீழே, இரண்டே முக்கால் அங்குலம் இடப்பக்கம். ஒன்றேகால் அங்குலம் உதைத்தது. கடதாசியில் நாலு தடவை கீறிப் பார்த்த பிறகு, மையத்தைப் பொருத்துக்கு ஒன்றேகால் அங்குலம் மேலே தூக்கிவிட்டு, தலைமாட்டில் ஆறாம் பலகையிலிருந்து கிழித்த இரண்டரை அங்குலத் துண்டைச் சேர்த்தேன். மொத்தம் பதினாறரை அங்குலச் சதுரம். மையம் நடுவில், துளை முழு மரத்தில், ௭ ஏழு மணியில். அன்றைக்குச் சந்தோசத்தில் இரண்டு தேத்தண்ணீர்.

மற்ற பதினொரு மணிக்கும் இலக்கம் கொத்தவில்லை. ஓடாவியாரே கொத்தினாலும் அந்த உளியின் கை வராது. கவராயத்தை ஆர அளவிலேயே வைத்து வட்டத்தில் நடந்தால் ஆறு புள்ளி சரியாக விழும். இடையைப் பாதியாக்கினால் பன்னிரண்டு. ஏழாவதை விட்டு மற்றவற்றில் மெல்லிய துளை போட்டுப் பித்தளைக் கம்பியை அறைந்து, மட்டமாக அராவினேன்.

ஒட்டும் வேலை

முதிரை இறுக்கமான மரம், பசை உள்ளே இறங்காது. ஒட்டும் விளிம்புகளை அன்றைக்கே சீவி அன்றைக்கே ஒட்ட வேண்டும். நீளமான இறுக்கி என்னிடம் இல்லை. கயிற்றைச் சுற்றி ஆப்பு அடித்து ஒரு இரவு விட்டேன். பின்பக்கம் இரண்டு குறுக்குச் சட்டம். அவற்றின் திருகாணித் துளைகளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக அரத்தால் இழுத்துவிட்டேன். இங்கே கச்சான் காற்று அடித்தால் கதவெல்லாம் சுருங்கிக் கிடுகிடுக்கும், மாரி வந்தால் அதே கதவு சாத்தாது. பலகை அசைய இடம் கொடுக்காவிட்டால் வெடித்துத் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

பொறி

பொறி கடையில் வாங்கியதுதான், ஒரு பென் டோர்ச் பற்றரியில் ஓடுவது. உள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பதினைந்து தடவை பாதியாக்கிக்கொண்டு போனால் ஒன்று வரும்; அந்த ஒன்றுதான் நாம் கேட்கும் ஒரு "டிக்". வாங்கும்போது பார்க்க வேண்டியது அதன் தண்டின் நீளம். ஒன்றேகால் அங்குலப் பலகையைத் தாண்டிச் சாதாரணப் பொறியின் தண்டு வராது. பின்பக்கத்தில் பொறிக்குக் குழி வெட்டி, முன்னால் பத்து மில்லிமீற்றர் மரம் மட்டும் மிஞ்ச விட வேண்டும். உளியும் கொட்டாப்புளியுமாக இரண்டு பின்னேரம். முதிரையில் உளி இறங்குவதைவிடத் தெறிப்பதுதான் அதிகம்.

பிறகு அவசரப்பட்டேன். குழி பின்பக்கம்தானே என்று துளையையும் பின்னாலிருந்தே போட்டேன். துளைப்பான் முன்பக்கம் வெளியே வரும்போது பத்துச் சதக் காசு அளவில் ஒரு சிம்பைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் ஒரு சீவல் கூடப் படாமல் காப்பாற்றியவன், கடைசியில் சரியாக நடுவிலேயே குதறிவிட்டேன். சிம்பைத் தேடி எடுத்து ஒட்டினேன். மணிக் கம்பியின் வட்டத் தலை மீதியை மறைத்துவிட்டது. ஆனாலும் எனக்குத் தெரியும்.

கம்பிகளைப் பித்தளைத் தகட்டில் நானே வெட்டினேன். வடிவாகத்தான் இருந்தது. ஓடவிட்டால், நிமிடக் கம்பி ஆறிலிருந்து மேலே ஏறும்போது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் நின்று நடுங்கியது. பற்றரியை மாற்றியும் அதே கதை. படுக்கையாக ஏறும் இடத்தில்தான் கம்பியின் பாரம் முழுதாக இழுக்கும். இந்தப் பொறி மெல்லிய அலுமினியக் கம்பிக்கு அளந்து செய்தது. பித்தளை ஆசையை விட்டு, பொறியோடு வந்த அலுமினியக் கம்பிக்குக் கறுப்பு மை பூசினேன். இப்போது ஏறுகிறது.

மெருகு விசயத்தில் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னவர்கள் மூன்று பேர். அது எந்தக் காலத்திலும் காயாது, தூசு பிடித்துச் சிக்கு மணக்கும். லின்சீட் எண்ணெயை மெல்லிசாக இரண்டு தடவை, மேலே கொஞ்சம் தேன் மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிட்டேன்.

அன்புவழிபுரத்தில்

போன ஞாயிறு கொண்டுபோய் மாமி வீட்டுச் சுவரில் மாட்டினேன். மாமியின் பேரன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஏன் இங்க மட்டும் 'எ' போட்டிருக்கு?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமி பதில் சொல்லவில்லை. பலகையின் விளிம்பைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இது பழைய நேரமா, புது நேரமா?" என்றார்.

1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது நினைவிருக்கும். அதன் பிறகு, 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பும் வரை, கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூரில் பழைய நேரம், இங்கே ரவுனில் புது நேரம். அப்பப்பா இருந்தது புது நேரத்துப் பக்கம். ஆனால் கொட்டில் சுவரில் தொங்கிய மணிக்கூட்டை அவர் கடைசி வரை தொடவிடவில்லை. "நேரம் மாத்தினதைப் பசுவுக்கு ஆர் போய்ச் சொல்லுறது?" என்பார். ரவுனுக்குப் போகும் பஸ்ஸை அதனால் எத்தனை தடவை விட்டாரோ தெரியாது.

"இப்ப ரெண்டும் ஒன்றுதானே மாமி" என்றேன். "அது தெரியும்" என்றார்.

௮-ஆம் பலகை முழுசாக மிச்சம் இருக்கிறது. மாமியின் பேரன் அதைக் கேட்டு வைத்திருக்கிறான், அவனுடைய பெயர் 'அ'வில் தொடங்குகிறதாம். மாரி தொடங்கியதும் ஒருக்கால் போய்ப் பின்பக்கத் திருகாணிகளைப் பார்க்க வேண்டும்.