600 எம்எம்ல சாஃப்ட்டா வருதுன்னு லென்ஸை விக்கிறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு நண்பர் போன் பண்ணி, 150-600 எம்எம் ஜூம் லென்ஸ் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, 400 வரைக்கும் அருமையா இருக்கு, 600க்கு தள்ளினா பறவை எல்லாம் பஞ்சு மாதிரி வருது, வித்துடலாம்னு இருக்கேன்னு சொன்னாரு. ஒரு வாரம் பொறுங்க சார்னு சொல்லி வெச்சேன். ஏன்னா மூணு வருஷம் முன்னாடி நானும் இதே முடிவுக்கு வந்து, விளம்பரமும் போட்டு, ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்னு சொல்ற வரைக்கும் போயிட்டேன். அந்த ஞாயிறுக்கு முந்தின ரெண்டு நாள்ல எனக்கு புரிஞ்சதை போன்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன்.

எனக்கு இது வேடந்தாங்கல்ல ஆரம்பிச்சுது. பிப்ரவரி மாசம், காலைல பத்தரை மணி இருக்கும், கரையில நின்னு தண்ணிக்கு நடுவுல மரத்துல உக்காந்திருந்த நத்தைகுத்தி நாரையை எடுத்துட்டு இருந்தேன், தூரம் நூறு மீட்டருக்கு கொறையாது. நத்தைகுத்தியோட அலகை பாத்திருப்பீங்க, மூடியிருந்தாலும் நடுவுல ஒரு சின்ன சந்து தெரியும், வளந்த பறவைக்குத்தான் அது, குஞ்சுக்கு இருக்காது. நான் எடுத்த படத்துல அந்த சந்தே காணோம். நல்லா வளந்த பறவை, அலகு மட்டும் குஞ்சு மாதிரி ஒட்டிப்போய் இருக்கு. வீட்டுக்கு வந்து மானிட்டர்ல நூறு பர்சன்ட்ல பாத்தப்ப மனசே விட்டுப்போச்சு, அஞ்சு மாசம் காசு சேத்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லென்ஸ் அது.

சரி, விக்கிறதுன்னு ஆச்சு, வாங்குறவருக்கு பொய் சொல்லக்கூடாது, எவ்வளவு சாஃப்ட்டுன்னு ஒழுங்கா பாத்து சொல்லிடுவோம்னு மொட்டை மாடியில ஒரு டெஸ்ட் வெச்சேன். வெள்ளிக்கிழமை லீவு. தினசரி காலண்டர் ஷீட்டை தண்ணி டேங்க் சுவத்துல ஒட்டிட்டு நாப்பது அடி தள்ளி ட்ரைபாட் போட்டேன். தமிழ் காலண்டர் ஷீட்டை மாதிரி டெஸ்ட் சார்ட் வேற கிடையாதுங்கறது என் கருத்து. எமகண்டத்துல வர்ற ண்-க்கு மூணு சுழி, ராசி பலன்ல வர்ற ன்-க்கு ரெண்டு சுழி, மேல ஒரு புள்ளி. சுழியை எண்ண முடியுதா, புள்ளி தனியா நிக்குதா எழுத்தோட ஒட்டுதா, இது ரெண்டும் பாத்தா போதும்.

எண்ண முடியல. ண் எல்லாம் மைத்துளி மாதிரி இருந்துச்சு. அப்ப மணி ஒண்ணு.

லைவ் வியூவ்ல, அதாவது கேமரா பின்னாடி ஸ்க்ரீன்ல நேரடியா, பத்து மடங்கு பெருசு பண்ணி பாத்துட்டே இருக்கும்போதுதான் கவனிச்சேன், எழுத்து எல்லாம் நெளியுது. கேமரா ட்ரைபாட்ல கெடக்கு, நான் தொடவே இல்ல, காலண்டரும் நல்லா ஒட்டியிருக்கு, ஆனா எமகண்டம் தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி ஆடுது. கான்கிரீட் தரை கொதிச்சு மேல வர்ற சூடு காத்து அது. சூடான காத்துக்கும் குளுந்த காத்துக்கும் ஒளி வளையுற அளவு வேற, ரெண்டும் கலந்து அலையும்போது நடுவுல வர்ற ஒளியும் அலையுது, 50 எம்எம்ல அது கண்ணுக்கே தெரியாது, 600ல அப்படியே பெருசாகி படத்துல உக்காந்துடும். வெறும் நாப்பது அடிக்கே இப்படின்னா வேடந்தாங்கல்ல நூறு மீட்டர், பத்தரை மணி வெயில்ல என்ன ஆகியிருக்கும்!

மறுநாள் காலைல ஆறே காலுக்கு அதே இடம், அதே ட்ரைபாட், அதே எஃப்/6.3, அதாவது 600ல லென்ஸை முழுசா திறந்த அளவு. ஷட்டரை ரிமோட்ல அடிச்சேன். சுழி தெரிய ஆரம்பிச்சுது, ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மெல்லிசான நிழல் இருந்துச்சு. லென்ஸை வித்தவரு ஃப்ரீன்னு மாட்டிக்கொடுத்த 95 எம்எம் யூவி ஃபில்டர் முன்னாடி இருந்துச்சு, கழட்டினேன், நிழல் போச்சு. மலிவான ஃபில்டர் கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி தட்டையா இருக்காது, வைட் லென்ஸ்ல அது பெருசா தெரியாது, டெலில கண்டிப்பா தெரியும். அந்த ஃபில்டரை அதுக்கப்புறம் நான் மாட்டவே இல்ல, ஹூட் ஒண்ணே போதும் பாதுகாப்புக்கு.

அடுத்தது ஃபோகஸ். லைவ் வியூவ்ல ஃபோகஸ் பண்ணா ண் அழகா வருது, வியூஃபைண்டர் வழியா சாதாரணமா ஃபோகஸ் பண்ணா மறுபடி மங்குது. டிஎஸ்எல்ஆர்ல (உள்ள கண்ணாடி வெச்ச கேமரா, என்னோடது அதுதான்) ஃபோகஸ் பாக்குற சென்சார் தனியா கீழ இருக்கு, அதுக்கும் படம் பதியுற சென்சாருக்கும் சின்ன வித்தியாசம் இருந்தா ஃபோகஸ் முன்னாடியோ பின்னாடியோ விழும். இது மத்த ஃபோகல் லெங்த்ல அவ்வளவு தெரியாது, 600ல ஏன் மாட்டிக்குதுன்னா டெப்த் அவ்வளவு கம்மி. கிராப் சென்சார்ல (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்) 600 எம்எம், எஃப்/6.3, பறவை பத்து மீட்டர்ல இருந்தா ஷார்ப்பா இருக்குற ஆழம் மொத்தமே 7 சென்டிமீட்டர் சுமார்தான் வரும். பஞ்சுருட்டான் கம்பியில உக்காந்திருந்தா கம்பி ஷார்ப்பா இருக்கும், கண்ணு மங்கலா இருக்கும், என் பழைய படம் பாதி இப்படித்தான்னு அப்பத்தான் உறைச்சுது. இந்த வித்தியாசத்தை சரிக்கட்ட நிக்கான்ல ஏஎஃப் ஃபைன் ட்யூன்னு இருக்கும், கேனான்ல மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்னு இருக்கும், நான் பிளஸ் 7 வெச்சதும் சரியாச்சு. நிறைய பாடில ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு நம்பர்தான் வெக்க முடியும், அதனால எந்த முனையில அதிகம் எடுப்போமோ அங்க வெச்சு ட்யூன் பண்ணணும், பறவை எடுக்குறவங்களுக்கு அது 600 தான். சிக்மாவோட யூஎஸ்பி டாக்ல (லென்ஸை கம்ப்யூட்டர்ல இணைக்கிற கருவி) நாலு ஃபோகல் லெங்த், ஒவ்வொண்ணுக்கும் நாலு தூரம், ஆக 16 இடத்துல தனித்தனியா வெக்கலாம். மிரர்லெஸ்ல படம் பதியுற சென்சாரே ஃபோகஸும் பாக்குறதால இந்த தலைவலி இல்ல.

இவ்வளவும் சரி பண்ணதுக்கு அப்புறம் மிச்சம் இருந்ததுதான் லென்ஸோட உண்மையான சாஃப்ட்னஸ். இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். எஃப்/6.3ல எழுத்து ஓரம் கொஞ்சம் கரைஞ்ச மாதிரி, கான்ட்ராஸ்ட் கம்மியா இருந்துச்சு. லென்ஸோட திறப்பை கொஞ்சம் சுருக்கி எஃப்/8 வெச்சேன், புள்ளி தனியா நின்னுச்சு. எஃப்/11ல கூடுதலா ஒண்ணும் கிடைக்கல, 24 மெகாபிக்சல் கிராப் சென்சார்ல அங்க டிஃப்ராக்‌ஷன் வேலையை காட்ட ஆரம்பிச்சுடும் (சின்ன திறப்பு வழியா வர்ற ஒளி பரவி படம் மங்குறது). அதனால வெளிச்சம் இருந்தா எஃப்/8, அதுக்கு நாம குடுக்குற விலை மூணுல ரெண்டு ஸ்டாப் வெளிச்சம், ஐஎஸ்ஓ 800 இருந்த இடத்துல 1250. எனக்கு அது நல்ல பேரம்.

இப்ப எல்லாரும் சொல்ற ஒரு விஷயம், 600 போகாதீங்க 500லயே நிறுத்திக்கங்க, அங்கதான் ஷார்ப்புன்னு. நானும் நம்பிட்டு இருந்தேன். ரெண்டையும் நூறு பர்சன்ட்ல பக்கத்துல வெச்சா 500 ஷார்ப்பாத்தான் தெரியும், ஆனா 500ல எடுத்த பறவை சின்னதா இருக்கே, 600 அளவுக்கு கொண்டுவர 1.2 மடங்கு பெருசு பண்ணணுமே, அதை பண்ணிட்டு இல்ல பாக்கணும்? பண்ணி பாத்தேன், எஃப்/8ல ரெண்டும் ஏறக்குறைய சமம், ண் சுழியில 600 ஒரு மயிரிழை மேல. 500ல நிறுத்தி எனக்கு லாபம் ஒண்ணும் இல்ல. என் லென்ஸ்ல இப்படி, உங்க லென்ஸ்ல நீங்கதான் பாக்கணும், ஒரே மாடல்லயே பீஸுக்கு பீஸ் வித்தியாசம் இருக்கு.

அப்புறம் தூரம். 600 எம்எம் இருந்தா எவ்வளவு தூரத்துல இருந்தாலும் இழுத்துடலாம்னு ஒரு நெனப்பு நம்ம எல்லாருக்கும் இருக்கு. என் பாடில பத்து மீட்டர்ல ஒரு பிக்சல் சுமார் 0.065 மில்லிமீட்டர் இடத்தை பாக்குது, நூறு மீட்டர்ல 0.65 மில்லிமீட்டர். நூறு மீட்டர்ல இறகோட நரம்பு நரம்பா எதிர்பாக்குறது லென்ஸ் மேல நியாயமில்ல, பத்து லட்சத்துக்கு மேல விலை உள்ள 600 எஃப்/4 ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) போட்டாலும் அந்த கணக்கு மாறாது, நடுவுல இருக்குற காத்தும் மாறாது.

சரி, படத்தை பாத்து யாரு குத்தவாளின்னு எப்படி சொல்றது? அசையாம உக்காந்திருக்குற பறவையை வரிசையா பத்து ஃப்ரேம் எடுங்க. பத்தும் பத்து விதமா இருந்து, ஒண்ணுல அலகு ஷார்ப்பு இன்னொண்ணுல கழுத்து நெளிவுன்னு வந்தா அது காத்து. பறவை மங்கி, முன்னாடி கிளையோ பின்னாடி இலையோ ஷார்ப்பா இருந்தா அது ஃபோகஸ். எல்லா ஓரமும் ஒரே திசையில இழுத்த மாதிரி இருந்தா ஷேக்கு, ஷட்டரை 1/1000க்கு மேல ஏத்தி பாருங்க. பத்தும் ஒரே மாதிரி மங்கலா இருந்து, எஃப்/8ல தெளிஞ்சா, அப்பத்தான் லென்ஸை கை காட்டணும்.

ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னவருக்கு சனிக்கிழமை மத்தியானமே போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். அடுத்த வாரம் மறுபடி வேடந்தாங்கல், இந்த தடவை ஆறே முக்காலுக்கு கரையில இருந்தேன், கார்ல ஏசி போடாம போனேன், ஏன்னா குளுந்த லென்ஸை வெளிய எடுத்தா வெப்பம் சமமாகுற வரைக்கும் ஹூட்டுக்குள்ளயே காத்து அலையும். அதே மரம், அதே தூரம், எஃப்/8. நத்தைகுத்தி அலகுல சந்து தெரிஞ்சுது, அது வழியா பின்னாடி இருந்த இலையோட பச்சையும் தெரிஞ்சுது. வண்டியில உக்காந்து கேமரா ஸ்க்ரீன்லயே எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கு இல்ல.

போன் பண்ண நண்பர் விஷயத்துக்கு வர்றேன். காலண்டர் டெஸ்ட் பண்ண சொன்னேன், காலைல ஆறு மணிக்கு, ஃபில்டர் இல்லாம, லைவ் வியூவ்ல. அனுப்பினாரு. நடுவுல நல்லா இருக்கு, வலது பக்கமும் சரி, இடது பக்கம் மட்டும் எல்லா படத்துலயும் சுழி கரைஞ்சிருக்கு, எஃப்/11 வெச்சும் போகல. காலண்டரை நாலு மூலையிலயும் மாத்தி மாத்தி வெச்சு எடுக்க சொன்னேன், இடது பக்கம் எங்க வெச்சாலும் அதே கதை. உள்ள ஏதோ ஒரு எலிமென்ட் மையம் விலகியிருக்கு போல, இது நம்ம கையில சரி பண்ற விஷயம் இல்ல. வாரன்டி இருக்கு, அந்த நாலு படத்தையும் பிரின்ட் போட்டு லென்ஸோட சேத்து சர்வீஸுக்கு குடுத்திருக்காரு, போன செவ்வாய்க்கிழமை. இன்னும் வரல.