இடது காலுக்கு வேலை போன கதை

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால் மாலை போட்டு, கோயில் வாசலிலிருந்து கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. காளவாசல் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. வலது கால் ஆக்சிலேட்டரை விட்டது. இடது கால், யாரும் சொல்லாமலே, கிளட்ச்சைத் தேடிப் போய் ஒரே மிதியாக மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பின் சீட்டு அர்ச்சனைக் கூடையிலிருந்த தேங்காய் மூடி ஒன்று சீட்டுக்கடியில் உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது. பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "இதுக்காடி அரை லட்சம் கூடக் குடுத்து ஆட்டோமேட்டிக் எடுத்தோம்?"

2001-ல் லைசென்ஸ் வாங்கியவள் நான். டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது "வலதுலேர்ந்து ஏ, பி, சி". ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இடது காலுக்கு அந்த 'சி' ஒன்றுதான் வேலை. போன வருஷம் இடது முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொன்னதால்தான் கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக்குக்கு இந்த மாற்றமே.

கால் ஏன் அப்படி மிதித்தது என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். கிளட்ச்சை மிதித்தால் தரை வரை மிதிக்க வேண்டும், பட்டென்று. நிதானமெல்லாம் விடும்போதுதான். பிரேக்குக்கு வேண்டியது நேர் எதிர்: மிதிக்கும்போது நிதானம், விடும்போது எப்படி விட்டாலும் கவலையில்லை. ஆக, என் இடது கால் முட்டாள் இல்லை. படித்த பாடத்தைச் சரியாகத்தான் செய்தது, பாடம்தான் மாறிவிட்டது. இப்போது அதைக் கதவோரம் இருக்கும் மேடையில் வைத்துவிட்டு, ரெண்டு பெடலையும் வலது காலாலேயே மிதிக்கிறேன். அப்படித்தான் செய்ய வேண்டும்.

எங்கள் மெக்கானிக் பாயிடம், "கிளட்ச்சே இல்லாத வண்டி பாய், நிம்மதி" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "கிளட்ச் இல்லன்னு யாருக்கா சொன்னது? மிதிக்கிறதுதான் நீங்க இல்ல." பட்டறை மூலையிலிருந்து ஒரு பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம். சுற்றிலும் ஒட்டியிருந்த உராய்வுப் பட்டை தேய்ந்து, ரிவெட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. மோந்து பார்த்தேன், கருகிய வாடை இன்னும் போகவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சிக்னலில் சக்கரம் நிற்க வேண்டும். நடுவில் பிரித்துவிட ஒன்று வேண்டுமே, அதுதான் இந்தத் தட்டு. இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் மேல் இதைப் பிரஷர் பிளேட் இறுக்கிப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் பிடி தளரும், இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. மேனுவலில் மூன்றாவது பெடல் இருப்பது இதற்காகத்தான். என் வண்டி ஏ.எம்.டி., அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு நம் ஊரில் பரவிய வகை. உள்ளே இருப்பது அதே கியர்பாக்ஸ், அதே தட்டு. மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் ஆக்சுவேட்டர் என்கிற ஒரு இயந்திரக் கை பார்த்துக்கொள்கிறது. கியர் மாறும்போது வண்டி லேசாகத் தலையாட்டுவதும் அதனால்தான்.

டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி. அதற்குப் பாய் சொன்ன விளக்கம்: ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள், காற்று பட்டு மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய். ரெண்டாவது ஃபேனைச் சுற்றாமல் பிடித்து நிறுத்தினாலும் முதல் ஃபேன் அது பாட்டுக்கு ஓடும். பிரித்துவிட ஆளே வேண்டாம், அதனால் பெடலும் வேண்டாம்.

இந்த வித்தியாசம் கொடைக்கானல் போனபோது எனக்கு உறைத்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுகிறோம். ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்காக எல்லா வண்டியும் நிற்க, பின்னால் உருளாமல் இருக்க ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தே பிடித்து வைத்திருந்தேன். ரெண்டு நிமிஷத்தில் பட்டறையில் மோந்த அதே வாடை! மேனுவலில் ஹாஃப் கிளட்ச்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி, நிறுத்தினால் தட்டு தேயும் என்று எல்லோருக்கும் தெரியும். பெடல் கண்ணில் படாததால், உள்ளே அதே ஹாஃப் கிளட்ச் நடக்கிறது என்பது எனக்கு மறந்தே போயிற்று. இப்போது மேட்டில் நின்றால் பிரேக், நேரமானால் ஹேண்ட் பிரேக்.

இன்னொரு ஆராய்ச்சியும் நடந்தது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கார் தரையில் தலையைக் கவிழ்த்தேன், பக்கத்து வீட்டம்மா எதைத் தொலைத்தேன் என்று கேட்கிற அளவுக்கு. பழைய வண்டியில் பிரேக்கின் அகலம் ஆறு சென்டிமீட்டர். புதுசில் பதினொன்று. ஆக்சிலேட்டர் ரெண்டிலும் கிட்டத்தட்ட அதே இடம், அதே அளவு. பிரேக்தான் இடது பக்கமாக, கிளட்ச் காலி செய்த இடத்துக்குள் பரவியிருக்கிறது. மூன்று பெடல் இருந்தால் ஒன்றை மிதிக்கும்போது பக்கத்தில் ஷூ தட்டாமல் இடைவெளி விட வேண்டும், அதனால் பிரேக் ஒடுங்கித்தான் இருக்க முடியும். இடம் கிடைத்தபோது அதை அகலமாக்கினால், பதற்றத்தில் கால் எங்கிருந்து வந்தாலும் அதன் மேல் விழ வாய்ப்பு கூடும்.

அந்த வாய்ப்பு தேவைதான். மேனுவலில் பதறினால் ரெண்டு காலும் சேர்ந்து இறங்கும். வலது கால் தப்பாக ஆக்சிலேட்டரில் விழுந்தாலும், இடது கால் கிளட்ச்சை மிதித்திருந்தால் இன்ஜின் அலறுமே தவிர வண்டி பாயாது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இரண்டாவது காவல் இல்லை. 1986-ல் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. 1989-ல் வந்த அரசு ஆய்வு, பெரும்பாலும் ஓட்டியவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. பிரேக்கை மிதிக்காமல் 'பி' என்கிற பார்க்கிங் நிலையிலிருந்து கியரை நகர்த்த விடாத பூட்டு பரவலானது அதையொட்டித்தான். என் வண்டியும் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, இப்போது இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகளிடம் இருப்பது 3ஏ லைசென்ஸ், ஆட்டோமேட்டிக் மட்டும். மேனுவலைத் தொட்டால் குற்றம். "அத்தை, கிளட்ச் எப்படி இருக்கும்?" என்று வீடியோ காலில் கேட்டாள், என்னவோ அம்மிக்கல்லைக் கேட்பது மாதிரி. நம் ஊரில் ஒரே லைசென்ஸில் ரெண்டையும் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்கு எவ்வளவு நல்லது என்று தெரியவில்லை.

ஏனென்றால் போன வாரம் தம்பியின் மேனுவல் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் போனேன். அதே காளவாசல், அதே சிக்னல். ஆறு மாசமாகப் பழகியபடி இடது கால் சமர்த்தாக மூலையில் இருந்தது. வலது கால் பிரேக்கை அழகாக, நிதானமாக மிதித்தது. வண்டி ரெண்டு குலுக்குக் குலுக்கி, தும்மி, செத்தது. சாவியைத் திருகினேன், கியரில் இருந்ததால் முன்னால் ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி செத்தது. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யக்கா, கிளட்ச்ச மிதிக்கா!"